கல்லறை மதிலில் கரிக்கோடு

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஹெட்லைட் என்பது வண்டிக்கு வைக்கிற பொட்டு. அதன்மேல் மஞ்சள் தாள் ஒட்டுவார்கள். எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிடுவார்கள். ஆயுத பூஜைக்குப் பூசின சந்தனம் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் கண்ணாடியிலேயே காய்ந்து கிடக்கும். ராத்திரியில் பள்ளத்தில் விழுந்து எழுந்து வந்து, "ரோடு சரியில்ல உலகண்ணே" என்பார்கள். ரோடு என்றைக்குச் சரியாக இருந்தது? அது சரியில்லை என்று காட்டத்தானே விளக்கு வைத்திருக்கிறது! இப்படிக் கேட்டுக் கேட்டே பழவேற்காடு கடைத்தெருவில் எனக்கு வாய்க்கொழுப்பு பிடித்தவன் என்று பெயர். வேலை தெரிந்தவன் என்றும் பெயர். இரண்டும் உண்மைதான்.

என் பெயர் உலகநாதன். வீடும் நிலமும் காட்டூரில். கடை பழவேற்காட்டில், ஒல்லாந்தர் கல்லறை மதிலுக்கு எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை. காலையில் சைக்கிளில் வந்து ராத்திரி சைக்கிளில் திரும்புவேன். ஊர் வண்டிகளுக்கெல்லாம் நான்தான் மெக்கானிக். எனக்கு மோட்டார் வண்டி கிடையாது.

எண்பத்தோராம் வருஷம், பொங்கலுக்குப் பத்துநாள் இருக்கும்போது மக்பூல் ஒரு பழைய ராஜ்தூத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். வலை பின்னுகிற நைலான் நூல் விற்கிற கடை அவனுடையது. ஏரிக்குள் இருக்கிற பசியாவரத்து ஆட்கள் படகைக் கட்டிவிட்டு நேரே அவன் கடைக்குத்தான் வருவார்கள். வயது முப்பது இருக்கும். அதிர்ந்து பேசாத பையன்.

"அண்ணே, இது ராத்திரியில போவணும்."

"எல்லா வண்டியும் ராத்திரியில போவும். ஓட்றவனுக்குத்தான் கண்ணு வேணும்."

"வெளையாடாதண்ணே. கைருனுக்கு எட்டாவது மாசம்."

அதற்குமேல் நான் விளையாடவில்லை. அவன் மனைவி கைருன் பீவிக்கு இரண்டு பிள்ளைகள் தவறிவிட்டது ஊருக்கே தெரியும். முதல் பிள்ளை வீட்டிலேயே போனது. இரண்டாவதற்கு ராத்திரி பத்து மணிக்கு வலி எடுத்தது. கடைசி பஸ் போய்விட்டது. ஊரில் ஓடின ஒரே வாடகைக் கார் ராத்தங்குவது பொன்னேரியில். மாட்டு வண்டி பிடித்து, அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த லேடி டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. பிள்ளை வழியிலேயே முடிந்துபோனது. அடுத்த தடவை வலி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் இங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாயையும் சேர்த்துப் பறிகொடுப்பாய் என்று அந்த அம்மாள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

"முன்னாடியே போயி அங்கயே தங்கிடலாமே?" என்றேன்.

"அங்க யாரு கீறாங்க நமக்கு? எப்ப வலி வரும்னு யாருக்குத் தெரியும்? வண்டி தயாரா இருந்தா போதும். காட்டூர் வழியா முக்கா மணி நேரம். நான் பகல்ல ஓட்டிப் பாத்துட்டேன்."

"பகல்ல ஓட்டறது ஒரு ஓட்டமா?"

வண்டியைப் பிரித்தேன். ஏரியோரத்து வண்டிக்கு வெளியில் தெரியாத வியாதி உண்டு. உப்புக் காற்று பெயின்டுக்கு அடியில் போய் வேலை செய்யும். எர்த் ஒயர் சட்டத்தில் சேர்கிற இடம் பூத்துப் போயிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு கிரீஸ் தடவி முடுக்கினேன். ரிஃப்ளெக்டரில் பூச்சு பாதி உரிந்துவிட்டது. மெட்ராஸுக்குப் போய் வந்த ஒருவரிடம் சொல்லிப் புதிதாக வாங்கினேன். பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி இரண்டு நாள் சார்ஜில் போட்டேன். ஆறு வோல்ட் வண்டி. மெதுவாகப் போனால் விளக்கு அழுது வடியும். அதனால் கார்பரேட்டரை அவிழ்த்து, எந்த வேகத்திலும் இன்ஜின் இழுத்துப் பிடிக்கிற மாதிரி சரிசெய்தேன். பின் விளக்கு, ஹார்ன், இரண்டு பிரேக்கிலும் புது ஷூ, புது செயின். பெண்பிள்ளை ஒருபக்கமாக உட்கார வசதியாகக் கால் வைக்கிற பலகை, புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க வலை. கைவிளக்கு இல்லாமலே மாற்றிவிடலாம் என்கிற இடத்தில் ஸ்பேர் பல்பு ஒன்றும் பிளக் ஒன்றும் துணியில் சுற்றி வைத்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு பல்பு மாற்றச் சொன்னேன். மக்பூல் மூன்றாவது தடவை மாற்றிவிட்டான்.

வண்டியில் ஒரு குறை இல்லை. இன்றைக்கும் சொல்வேன்.

கடைசி வேலை, வெளிச்சத்தை நிறுத்துவது. அதைப் பாதிப்பேர் செய்வதே இல்லை. கல்லறை மதிலிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தை அளந்து, அதே உயரத்தில் மதிலில் கரியால் ஒரு கோடு போடுவேன். பொழுது சாய்ந்ததும் விளக்கைப் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதிரே வருகிறவனுக்குக் கண் கூசும், நமக்கு ரோடு தெரியாது. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், வெளிச்சம் மேலே ஏறிவிடும். ஆகையால் பாரத்தை வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

"வூட்டுக்காரம்மாவ ஒரு தபா கூட்டியா. குந்த வச்சுப் பாத்துட்டு லைட்டை முடுக்கிடலாம்" என்றேன்.

மக்பூல் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "கடைத்தெருவுலயா? இன்னாண்ணே பேசறே?"

"அப்ப எடையாவது சொல்லு."

"ரெண்டு பறிகொடுத்தவ அவ. அவ அம்மா, எங்க மாமி, அவள வாசப்பக்கமே வுடறதில்ல, கண்ணு பட்டுடும்னு. பொறக்கப் போற புள்ளைக்கு ஒரு துணி கூட வாங்கல நாங்க. நீ எடை போட்டுக்கினு வரச் சொல்றே."

நான் வற்புறுத்தவில்லை. எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். என் மனைவி காந்தா உண்டாகியிருந்தபோது எத்தனை மாதம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு மாதம் குறைத்துத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்த சந்தியாகுவின் உப்பு மண்டியிலிருந்து அறுபது கிலோ மூட்டை ஒன்றைத் தூக்கி வந்து பின்சீட்டில் கட்டினேன். மக்பூலை முன்னால் உட்கார வைத்தேன். இருட்டியதும் விளக்கைப் போட்டு, வெளிச்சம் கோட்டுக்கு நாலு விரல் கீழே நிற்கிறபடி வைத்து முடுக்கினேன். நகராமல் இருக்க ஸ்க்ரூவின் தலையில் பெயின்ட் வைத்தேன்.

"அம்பது அடியில தவளை குந்தியிருந்தாக்கூடத் தெரியும், போ" என்றேன். அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன்.

தை பிறந்து ஒரு வாரம். எங்கள் ஊரில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுப்பு நேரத்தில் எங்கள் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதிரைக் களத்தில் அடிப்பதைவிடத் தார்ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுத்துவிடும். நெல்லைக் காயப்போடுவதும் அங்கேதான். தானியத்தின்மேல் வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். பொழுது போனதும் நெல்லை வாரி வீட்டுக்குள் கொண்டுபோவார்கள். கல்லை மட்டும் விட்டுவிடுவார்கள், மறுநாள் காலையில் திரும்ப வைக்க வேண்டுமே என்று. போன வருஷம் எதிர்வீட்டுச் சுப்பன் இப்படி விட்டுப்போன கல்லில் ஒரு சைக்கிள்காரன் விழுந்தான். சுப்பன் வீட்டு வாசலில் நின்று, "நெல்ல உள்ள எடுத்து வச்சியே, கல்ல எதுக்குடா ரோட்டுல வச்சே, எவன் தலைக்குடா?" என்று தெருவே கூடக் கத்தினவன் நான்.

அன்றைக்கு ரோட்டில் பரப்பியிருந்தது எங்கள் நெல். என் தம்பி மாணிக்கமும் காந்தாவும் பொழுதோடு வாரிவிட்டார்கள். கடையை மூடிவிட்டு நான் வந்தபோது எட்டு மணி இருக்கும். வீட்டுக்கு ஐம்பது அடி இருக்கும்போதே டைனமோ வெளிச்சத்தில் கல் தெரிந்தது. ஏரிக்கரை வேலைக்கு வந்த கருங்கல், ஒவ்வொன்றும் ஆள் தலை பருமன், பதினெட்டு இருபது. பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தன.

சைக்கிளிலிருந்து இறங்கி நின்றேன். வீட்டிலிருந்து கெண்டைக் குழம்பின் வாசனை வந்தது. பகலெல்லாம் நின்று வேலை செய்திருந்தேன். கடைசி பஸ் போய்விட்டது. இனிமேல் இந்த ரோட்டில் யார் வரப்போகிறார்கள்? வந்தால் மக்பூல் வருவான். அவன் வண்டியின் விளக்கு நான் வைத்த விளக்கு. என் சைக்கிளின் மினுக்கட்டாம்பூச்சி வெளிச்சத்துக்கே தெரிகிற கல் அவனுக்குத் தெரியாதா? இதை நான் பிற்பாடு யோசித்துச் சொல்லவில்லை. அங்கே நின்றபோதே இப்படித்தான் நினைத்தேன்.

சாப்பிடும்போது காந்தா கேட்டாள். "கல்லு அப்படியே கீது. மாணிக்கத்த எடுத்துப் போடச் சொல்லவா?"

"காலையில மறுபடி வைக்கணுமே. கெடக்கட்டும்" என்றேன்.

விடியற்காலை, மூன்றோ நான்கோ. கிழக்கே இன்ஜின் சத்தம் கேட்டு விழித்தேன். என் கை பட்ட வண்டி எனக்குத் தெரியும். கிளம்பிவிட்டான் என்று நினைத்தேன். அடைப்பு இல்லாமல், இருமல் இல்லாமல் அந்தச் சத்தம் நெருங்கி வருவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வெளிச்சம் ரோட்டில் இல்லை. ரோட்டோரத்துப் பனைமரங்களின் உச்சியில் மட்டை மட்டையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் அப்படி என்று எனக்குப் புரியவில்லை. கல் மட்டும் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். தாழ்ப்பாளில் கை இருக்கும்போதே இரும்பு தாரில் தேய்கிற சத்தம் கேட்டது. ஒரு பெண்ணின் குரல் கேட்டது. அப்புறம் இன்னொரு பெண்ணின் குரல் கேட்டது.

இரண்டு குரல். அப்போதுதான் விளங்கியது.

வலி எடுத்த பெண்ணை எந்தத் தாய் தனியாக அனுப்புவாள்? காந்தாவுக்கு வலி எடுத்தபோது அவள் அம்மா வண்டியில் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான்தான் நடந்து போனேன். கைருனின் தாய் பரக்கத் பீவி மட்டும் வாசலில் நின்று வழியனுப்புவாளா? மருமகன் ஓட்ட, மகளை நடுவில் உட்கார வைத்து, பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு அவளும் ஏறிவிட்டாள். கூட யார் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. மக்பூலுக்கும் தோன்றவில்லை. ஆம்பிளைகள் இரண்டு பேர் பத்து நாள் உட்கார்ந்து வண்டி தயார் செய்தோம், ஒரு மூட்டையை வைத்து.

வண்டி கல்லைத் தாண்டிப் பக்கவாட்டில் கிடந்தது. ஹெட்லைட் உடையவில்லை. வயலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. மக்பூல் ஒரு கையை இன்னொரு கையால் தூக்கிப் பிடித்தபடி, "கல்லுண்ணே, கல்லு, கல்லு" என்றான். பரக்கத் பீவிக்குத் தோள் இறங்கிவிட்டது. அந்த அம்மாள் தன் தோளைப் பார்க்காமல் மகளிடம் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தாள். கைருன் எங்கள் வைக்கோலின்மேல் விழுந்திருந்தாள். வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மாட்டைப் பூட்டி, கைருனையும் அவள் தாயையும் வண்டியில் ஏற்றினேன். காந்தாவும் அடுத்த வீட்டுக் காசியம்மாளும் ஏறிக்கொண்டார்கள். காசியம்மாள் நாலு பிரசவம் பார்த்தவள். மக்பூலை ஏறச் சொன்னேன், ஏறவில்லை. வண்டியின் பின்கட்டையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். நான் மாட்டை அடித்த அடி இன்னும் என் கையில் இருக்கிறது. கால்வாய்ப் பாலம் தாண்டினதும் உள்ளே சத்தம் நின்றது. காசியம்மாள் எதையோ தட்டுகிற ஓசை கேட்டது. தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அதுவும் நின்றது.

ஆண் பிள்ளை. அழவில்லை. காந்தா தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள். அதற்கென்று வாங்கின துணி எதுவும் இல்லை.

மூன்றாவது பிள்ளையும் மாட்டு வண்டியில்தான் போனது. இந்தத் தடவை எங்கள் வண்டியில்.

கைருனை டாக்டர் காப்பாற்றிவிட்டார். நான் ஊர் திரும்பியபோது உச்சிவெயில். ரோடு பெருக்கிவிட்டது போல் இருந்தது. ஒரு கல் இல்லை.

"எல்லாத்தையும் கொளத்துல போட்டுட்டேன்" என்றான் மாணிக்கம். "போலீசு கீலீசுன்னு வந்தா ரெண்டு பேரும் கம்பி எண்ணணும். நீ வாயத் தொறக்காதண்ணே. கேக்கறவனுக்கு, அங்க ஒண்ணும் இல்ல."

காந்தா தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் துலக்கினாள். எதிர்வீட்டிலிருந்து சுப்பன் வெளியே வந்தான். சுத்தமான ரோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். உள்ளே போய்விட்டான். ஊருக்குத்தான் உபதேசம் என்று அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

நாலாம் நாள் மக்பூலின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் வந்து ரோட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கல் ஏது என்று கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. அவரவர் வீட்டு நெல் அவரவர் கண்ணில் இருந்தது. அதற்குப் பிறகு ஊரில் பேச்சு மாறியது. மருமகன் ஓட்டும்போதே கண் அயர்ந்துவிட்டான் என்றாள் பரக்கத் பீவி. கைருனைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள், மக்பூல் பார்க்க வந்தால் கதவு திறப்பதில்லை. கைருன் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, பொஞ்சாதி பொழச்சாளே" என்று அவனிடமே ஒருவன் ஆறுதல் சொன்னானாம். சொன்னவன் வாயில் மண்ணைப் போட!

கடைத்தெருவில் இன்னொரு பேச்சும் இருந்தது. உலகநாதன் வைத்த விளக்கு வழியில் நின்றுபோனதாம். அதைக் கேட்டதும் டீக்கடையில் எழுந்து நின்று சண்டைக்குப் போனேன். "வண்டி வுழுந்து கெடக்கச்சொல்ல லைட்டு எரிஞ்சிக்கினு இருந்துது, என் கண்ணால பாத்தேன்" என்று கத்தினேன். விளக்கைக் குறை சொன்னால் பொறுக்கவில்லை. இத்தனை நடந்ததில் எனக்கு ரோஷம் வந்த இடம் அது ஒன்றுதான். அதை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

மாசிக் கடைசியில் மக்பூல் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தான். மணிக்கட்டில் கட்டு இருந்தது. பாதியாக இளைத்திருந்தான்.

"விக்கப் போறியா?" என்றேன்.

"இல்லண்ணே. லைட்டை ஒரு தபா பாரு."

"எதுக்கு?"

"நான் தூங்கினேனான்னு எனக்குத் தெரியணும்." அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "வுழுந்தப்புறம் கல்லப் பாத்தா மாதிரிதான் ஞாபகம். வண்டி ஏறி எறங்குச்சு. ஆனா போய்ப் பாத்தவங்க கல்லே இல்லன்றாங்க. எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. முழிச்சிக்கினுதான் இருந்தேன்னு அல்லா மேல சத்தியமாச் சொல்ல முடியல. ராத்திரியில படுத்தா தூக்கம் வரல, அன்னிக்கி மட்டும் எப்பிடி வந்துச்சுன்னு யோசிக்கிறேன்."

பொழுது சாயட்டும் என்றேன். மதிலில் என் கரிக்கோடு மங்கலாக இருந்தது. வண்டியை அதே இடத்தில் நிறுத்தினேன். ஸ்க்ரூவில் வைத்த பெயின்ட் விரிசல் விடாமல் அப்படியே இருந்தது. ஒரு உப்பு மூட்டையைப் பின்னால் கட்டி அவனை உட்கார வைத்தேன். விளக்கு கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது.

அப்புறம் இரண்டாவது மூட்டையைத் தூக்கி வைத்தேன். வண்டி முக்கிக்கொண்டு அமுங்கியது. வெளிச்சம் கோட்டைத் தாண்டி, மதிலைத் தாண்டி, உள்ளே இருந்த பூவரச மரத்தின் கிளையில் போய் நின்றது.

மக்பூல் அந்தக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமி" என்றான். "மாமி வருவாங்கன்னு நான் ஒங்கிட்ட சொல்லவேயில்ல."

"நானும் கேக்கல."

"நீ எடை கேட்டே. நான்தான் வாயடைச்சிட்டேன். கூட்டியான்னே. மாட்டேன்னுட்டேன்." அவன் முகத்தில் அழுகை வந்தது, அதோடு ஒரு தெளிவும் வந்தது. "என் தப்புதாண்ணே. ஆனா நான் தூங்கல. ரோடு தெரியல, அவ்ளோதான். தூங்கல."

அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதோடு அவன் போயிருந்தால் நானும் விளக்கை அணைத்துவிட்டுக் கடையை மூடியிருப்பேன். அத்தனை மோசமானவன்தான் நான். ஆனால் அவன் எழுந்து, வண்டியைத் தள்ளப் போனவன் நின்றான்.

"ஆனா ரோடு தெரியாட்டி இன்னா? ரோட்டுல ஒண்ணும் இல்லியே. நேரான ரோடு. கல்லு இல்லாத ரோட்டுல எப்பிடிண்ணே வுழுந்தேன்?"

என்னைத்தான் கேட்டான். வேலை தெரிந்தவன் என்று கேட்டான்.

"கல்லு இருந்துது" என்றேன். "எங்க வூட்டுக் கல்லு. மாணிக்கம் கொளத்துல போட்டுட்டான்."

பூவரசங்கிளையில் வெளிச்சம் இன்னும் இருந்தது. பேட்டரி தீர்ந்துகொண்டு வருவதால் சிவந்திருந்தது. அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்ப?"

"எட்டு மணிக்கு. வூட்டுக்குப் போவச்சொல்ல."

அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினான். எட்டிலிருந்து நாலு வரைக்கும். "எட்டு மணி நேரம்" என்றான். பிறகு, "வா" என்றான். "கைருன்கிட்ட வந்து நீயே சொல்லு. நான் சொன்னா கட்டுக்கதைம்பா."

அவன் வண்டியைத் தள்ள, நான் கூட நடந்தேன். இரண்டு தெரு. பரக்கத் பீவி கதவைத் திறந்தாள். கையைத் துணியால் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக் கட்டியிருந்தது. மருமகனைப் பார்த்ததும் சாத்தப் போனாள். "உலகண்ணன் ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்காரு மாமி" என்றான் அவன்.

வாசற்படிக்கு வெளியே நின்று சொன்னேன். கல்லை, மாணிக்கத்தை, குளத்தை, காந்தா கேட்டதை, நான் சொன்ன பதிலை, எல்லாவற்றையும். நடுவிலேயே பரக்கத் பீவி கீழே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என் வம்சத்தைச் சபித்தாள். சபிக்கட்டும் என்று நின்றேன். மக்பூலின் கால் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதை எட்டிப் பிடித்துக்கொண்டு, "நீ தூங்கிட்டேன்னு பழி சொல்லிட்டேனேப்பா ஒன்மேல" என்றாள்.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் கைருன் நின்றிருந்தாள். அவள் பாதம் மட்டும் தெரிந்தது. அவளும் திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று நான் காத்திருந்தேன்.

"அண்ணே" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "ஒங்க சைக்கிளு வெளிச்சத்துலயே கல்லு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா."

"எறங்கி நின்னீங்களா?"

"நின்னேன்."

"அப்ப குனிஞ்சிருந்தாப் போதும், இல்லண்ணே?"

"போதும்மா" என்றேன்.